கதிரவனின் நாள்வழிப் பேரேடு

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், நாள்தோறும் ஒரே வேளை. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர எத்தனை நாள் ஆகிறது என்பதை ஏறத்தாழ அறிந்துகொள்ள இவை போதும். பிழையின்றி அறிந்துகொள்ளவோ தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட ஒரு பேரேடு வேண்டியிருந்தது. அந்தப் பேரேடு தமிழ்நாட்டின் மலையுச்சி ஒன்றில் எழுதப்பட்டது.

மொட்டை மாடியில் ஒரு வட்டம்

பெங்களூரின் பிரேசர் டவுனில், மசூதி சாலையின் சந்தடிக்குச் சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியை மனத்தில் கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி. வற்றல் உலர்த்திய துணிக்கு அருகே முக்காலியின் மீது ஒரு சிறு தொலைநோக்கி நிற்கிறது. அதன் வழியாக எவரும் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. கண்ணருகு வில்லைக்குப் பின்னால் சிறிது தொலைவில் ஓர் அட்டை. அட்டையில் ஒரு தாள். தாளில் 20 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வட்டம். சூரியனின் பிம்பம் அந்த வட்டத்தை நிரப்பிக்கொண்டு தாளில் விழுகிறது.

பிம்பத்தின் நடுவில், மிளகைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அதன் இடத்தைப் பென்சிலால் குறித்து, தாளின் மூலையில் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் அதே வேளையில் மீண்டும் குறிக்க வேண்டும். மூன்றாம் நாளும் அப்படியே.

இந்தப் புள்ளிகள் சூரியப் பரப்பில் காந்தப்புலம் மிகவும் வலுத்திருக்கும் இடங்கள். உள்ளிருந்து வெப்பம் மேலே வருவதை அந்தக் காந்தப்புலம் தடுப்பதால், அவ்விடங்கள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருமையாகத் தோன்றுகின்றன. சுற்றியுள்ள பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு. புள்ளியின் நடுப்பகுதியில் அது 2,000 பாகை அளவுக்குக் குறைவு. சில புள்ளிகள் ஒரே நாளில் மறைந்துவிடும். பெரியவை வாரக்கணக்கில் நிலைக்கும். சூரியனோடு சேர்ந்து அவை நகர்வதால், சூரியனின் சுழற்சியைக் காட்டும் இயற்கையான அடையாளங்களாக அமைகின்றன.

மூன்று நாள் கணக்கு

சூரிய நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு புள்ளி, முதல் நாள் வட்டத்தின் மையத்தில் இருந்ததாகக் கொள்வோம். அடுத்த ஆறு நாள்களில் அது மையத்திலிருந்து முறையே 2.3, 4.5, 6.5, 8.0, 9.2, 9.9 செ.மீ. தொலைவில் காணப்படும். முதல் நாளில் இரண்டு செ.மீ.க்கு மேல் நகர்ந்த புள்ளி, கடைசி நாளில் ஒரு செ.மீ.கூட நகரவில்லை. புள்ளியின் வேகம் குறைந்ததால் அன்று. பந்து போன்ற உருண்டையின் விளிம்பை நெருங்கும்போது அதன் நகர்வின் பெரும்பகுதி நம்மை விட்டு விலகும் திசையில் நிகழ்கிறது. தாளில் விழும் பகுதி சுருங்கிவிடுகிறது. புள்ளிகள் சூரியனுக்கு முன்னால் மிதக்கும் வேறு பொருள்கள் அல்ல, சூரியனின் மேற்பரப்பிலேயே உள்ளவை என்று 1612ஆம் ஆண்டில் கலிலியோ வாதிட்டதற்கு இந்தச் சுருக்கமே முதன்மையான சான்றாயிற்று.

பள்ளியில் படித்த சைன் அட்டவணை இங்கே கைகொடுக்கும். மூன்றாம் நாள் புள்ளி மையத்திலிருந்து 6.5 செ.மீ. தொலைவில் உள்ளது. வட்டத்தின் ஆரம் 10 செ.மீ. வகுத்தால் 0.65. சைன் மதிப்பு 0.65 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 40.5 பாகை. மூன்று நாளில் 40.5 என்றால் ஒரு நாளைக்கு 13.5 பாகை. 360ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 26.7 நாள் என்று விடை வரும்.

இந்த விடையில் இன்னும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பிரேசர் டவுனின் கோல்ஸ் பூங்காவில் காலை நடைப்பயிற்சி செய்பவர்களை எடுத்துக்கொள்வோம். நீங்கள் மெதுவாகச் சுற்றி வருகிறீர்கள். வேறொருவர் அதே திசையில் விரைவாக நடக்கிறார். அவர் உங்களைக் கடந்து சென்று மீண்டும் உங்களை எட்டிப்பிடிக்கும்போது, ஒரு சுற்றைவிடச் சற்று அதிகமாகவே நடந்திருப்பார். அதற்குள் நீங்களும் சில அடிகள் முன்னேறியிருப்பீர்கள் அல்லவா? பூமியும் சூரியனை அது சுழலும் திசையிலேயே நாளொன்றுக்கு 0.99 பாகை வீதம் சுற்றிவருகிறது. அதைக் கூட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14.5 பாகை. சூரியனின் உண்மையான சுழற்சிக் காலம் சுமார் 25 நாள் என்று கணக்கு முடிகிறது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இத்துடன் தாளை மடித்து வைத்துவிடலாம். ஆனால் மற்றொரு புள்ளியையும் அளந்தவருக்கு ஓர் ஐயம் எழும். நடுக்கோட்டிலிருந்து 30 பாகை வடக்கிலோ தெற்கிலோ உள்ள புள்ளி இதே விடையைத் தருவதில்லை. அது ஒன்றேகால் நாள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. பூமியில் பெங்களூரும் லண்டனும் ஒரே கால அளவில் ஒரு சுற்றை முடிக்கின்றன. பூமி திடமான உருண்டை என்பதால் அப்படி. சூரியன் வெப்பத்தால் மின்னூட்டம் பெற்ற வாயுவாலானது. அதன் இடைப்பகுதி விரைந்தும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மெதுவாகவும் சுழல்கிறது.

இந்த வேறுபாட்டை நம் மாடித் தாளைக் கொண்டு நிறுவ இயலுமா? கையிலிருந்த பென்சில் ஒரு மில்லிமீட்டர் விலகி, 6.5க்குப் பதிலாக 6.4 என்று குறித்துவிட்டதாகக் கொள்வோம். கணக்கை மீண்டும் போட்டால் 26.7 நாள் 27.1 நாளாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிழை ஏறத்தாழ அரை நாளை விழுங்கிவிடுகிறது. நாம் தேடும் வேறுபாடோ ஒன்றேகால் நாள். அதோடு, புள்ளிகள் உருமாறுகின்றன, பிளவுபடுகின்றன, தமக்கென்று சிறு நகர்வுகளையும் கொண்டுள்ளன. ஒரு புள்ளியின் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை, ஒரே முறையில், பல ஆண்டுகள் அளக்கும்போது பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, உண்மை மட்டும் எஞ்சும்.

இதை உணர்ந்து உழைத்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் காரிங்டன். ரெட்ஹில் என்னும் ஊரில் தம் சொந்தச் செலவில் வானோக்ககம் அமைத்து, 1853 முதல் 1861 வரை புள்ளிகளின் இடங்களைக் குறித்துவந்தார். அட்சரேகைக்கு ஏற்பச் சுழற்சி வேகம் மாறுவதை எண்களால் நிறுவியவர் அவரே. வானியலாளர்கள் இன்றும் சூரியச் சுழற்சிகளை 1853 நவம்பரிலிருந்து அவர் வகுத்த வரிசைப்படியே எண்ணுகிறார்கள். ஆனால் தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தின் பீர் ஆலையை நடத்தும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் புள்ளிகளின் ஒரு சுழற்சியைக்கூட முழுமையாகக் காணுமுன் அவருடைய ஏடு நின்றுபோயிற்று. ஒரு மனிதரின் வாழ்க்கைச் சூழலைச் சார்ந்திருக்கும் கணக்கு, அந்தச் சூழல் மாறினால் முடிந்துவிடும். இந்தக் கணக்கைத் தொடர்ந்து எழுத ஒரு நிறுவனம் வேண்டும்.

பஞ்சத்தில் பிறந்த வானோக்ககம்

அத்தகைய நிறுவனம் ஒன்று நம் மண்ணில் தோன்றிய காரணம் துயரமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் எளிதில் மறக்கவில்லை. மழை ஏன் பொய்த்தது, அதை முன்கூட்டியே அறிய இயலுமா என்ற கேள்விகள் ஆட்சியாளர்களையும் அறிவியலாளர்களையும் துரத்தின. பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. தூசும் மேகமும் குறைந்த உயரமான இடம் தேடப்பட்டு, பழனி மலையில் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னை வானோக்ககத்தின் கருவிகளும் பணிகளும் படிப்படியாக மலையேறின. 1899 ஏப்ரல் 1 அன்று கோடைக்கானல் வானோக்ககம் உருவாயிற்று. மிக்கி சுமித் அதன் முதல் பொறுப்பாளர்.

1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனின் வெண்ணொளிப் படம் எடுக்கப்பட்டு வருகிறது. கண்ணாடித் தட்டில் பதியும் அந்தப் பிம்பத்தின் குறுக்களவு ஏறத்தாழ 20 செ.மீ. நம் மாடித் தாளில் வரைந்த வட்டத்தின் அளவை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். 1918இல் 15 செ.மீ. வில்லை பொருத்தப்பட்ட பின்னர் அதே அமைப்பே தொடர்ந்து பயன்பட்டது. கருவியை அடிக்கடி மாற்றாததே இத்தொகுப்பின் பெருஞ்சிறப்பு. அளவுகோல் மாறாதபோதுதான் தாத்தா காலத்து அளவையும் பேரன் காலத்து அளவையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.

பெங்களூரில் 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலற்ற புதிய குடியிருப்பாகப் பிரேசர் டவுன் உருப்பெற்றதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். இங்கே தெருக்கள் அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில், அங்கே மலைமீது ஒருவர் தட்டைப் பொருத்தி, மூடியைத் திறந்து மூடி, தேதியை எழுதி அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு உலகப் போர்களையும், ஆட்சி மாற்றத்தையும், எத்தனையோ பணியாளர்களின் ஓய்வையும் கடந்து அந்த வேலை நடந்தது. இங்கிலாந்தின் கிரீனிச் வானோக்ககம் வெளியிட்டுவந்த சூரியப் பதிவுகளில், அங்கே மேகம் மூடிய நாள்களின் இடைவெளியை நிரப்பக் கோடைக்கானலின் படங்களும் உதவின.

பருவமழையைச் சூரியப் புள்ளிகளைக் கொண்டு முன்னறியலாம் என்ற தொடக்கக் கால நம்பிக்கை எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் தொடங்கிய சேமிப்பு வீணாகவில்லை. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே, புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகெங்கும் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்றே இடம்பெற்றுள்ளது.

பேரேட்டைக் கூட்டியவர்கள்

தட்டுகளை எடுத்தது ஒரு பணி. அவற்றை அளந்து கூட்டுவது வேறொரு பணி. கோடைக்கானல் வானோக்ககம் இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். 1971இல் தன்னாட்சி பெற்ற அந்நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரின் கோரமங்கலாவில் உள்ளது. பிரேசர் டவுனிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவுதான். அங்கே பணியாற்றிய கே. ஆர். சிவராமன், எஸ். எஸ். குப்தா ஆகியோர் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஹோவர்டுடன் இணைந்து, 1906 முதல் 1987 வரையிலான 82 ஆண்டுப் படங்களில் புள்ளிகளின் இடங்களை அளந்து, சுழற்சி வேகங்களை 1990களில் வெளியிட்டனர்.

பின்னர் தட்டுகளும் பிலிம்களும் கணினிப் படங்களாக மாற்றப்பட்டன. 1923 முதல் 2011 வரையிலான படங்களில் புள்ளிகளைக் கணினியே பின்தொடரும் முறையை உருவாக்கி, பிபூதி குமார் ஜாவும் குழுவினரும் 2021இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி சூரிய நடுக்கோட்டின் சுழற்சி நாளொன்றுக்கு 14.381 பாகை, ஐயத்திற்குரிய அளவு வெறும் 0.004 பாகை. அட்சரேகையின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தி, 2.72ஆல் பெருக்கி, இதிலிருந்து கழித்தால் அந்த அட்சரேகையின் வேகம் கிடைக்கும். நடுக்கோட்டில் 25.0 நாள், 30 பாகையில் 26.3 நாள், 40 பாகையில் 27.2 நாள். நம் மாடிக் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு அரை நாள் தடுமாறிய விடை, நூற்றாண்டுப் பேரேட்டில் ஒரு நாளின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஐயத்தோடு நிற்கிறது.

வேறு இரண்டு செய்திகளும் வெளிப்பட்டன. பெரிய புள்ளிகள் சிறியவற்றைவிட மெதுவாகச் சுழல்கின்றன. இங்கே பெரியது எனப்படுவது, பூமியின் வட்டத்தைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள புள்ளி. புள்ளிகளின் காந்த வேர்கள் வெவ்வேறு ஆழங்களில் ஊன்றியிருப்பதோடு இதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். இரண்டாவது செய்தி: புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் அருகிய ஆண்டுகளிலும் சுழற்சி வேகத்தில் மாற்றம் காணப்படவில்லை. மாற்றம் இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் நீண்ட பேரேடு வேண்டும். பத்து ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது.

புள்ளிகள் 40 பாகைக்கு அப்பால் அரிதாகவே தோன்றுவதால், துருவப் பகுதிகளைப் பற்றி இப்பேரேட்டில் பதிவு இல்லை. ஒளியின் அலைநீள மாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறைகள், அங்கே ஒரு சுற்றுக்கு 30 நாளுக்கும் மேலாகிறது என்று காட்டுகின்றன.

நமக்கு இதனால் என்ன?

இடைப்பகுதி விரைய, மற்றப் பகுதிகள் பின்தங்க, சூரியனுக்குள் இருக்கும் காந்தப்புலக் கோடுகள் நூற்கண்டுபோல் இழுத்துச் சுற்றப்படுகின்றன. அந்த முறுக்கே புள்ளிகளையும், பதினொரு ஆண்டுச் சுழற்சியையும், சூரியப் புயல்களையும் தோற்றுவிக்கும் இயக்கத்தின் முக்கியக் கூறு. ஆகவே சுழற்சி வேகம் தவறினால் சூரியனைப் பற்றிய கணிப்புகளும் தவறும்.

அந்தக் கணிப்புகளை நம் அன்றாட வாழ்வு சார்ந்திருக்கிறது. 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் தவித்தனர். மின்கட்டமைப்பும் செயற்கைக்கோள்களும் இன்றி, தொலைவிலுள்ள கிளைகளுக்கும் ஏடிஎம்களுக்கும் தகவல் தொடர்பு இல்லை. கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றமும் இல்லை.

2024 மே மாதத்தில் ஒரு மாபெரும் புள்ளிக்கூட்டம் எழுப்பிய புயலால் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் செந்நிறத் துருவ ஒளியால் சிவந்தது. அக்கூட்டம் சூரியனின் மறுபக்கம் சென்று மறைந்து, அம்மாத இறுதியில் கிழக்கு விளிம்பில் மீண்டும் தலைகாட்டியது. எப்போது திரும்பும் என்பதை வானியலாளர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். சுழற்சிக் கணக்கின் நேரடிப் பயன் அது.

இப்போது இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் சூரியனைக் கண்காணிக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அதன் முதன்மைக் கருவியை, பெங்களூருக்கு அருகே ஹொசக்கோட்டையிலுள்ள தன் வளாகத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனமே உருவாக்கியது.

வீட்டில் தொடங்க விரும்புவோருக்கு

முதல் விதி: சூரியனை வெறுங்கண்ணாலோ, தொலைநோக்கி வழியாகவோ, இருகண் நோக்கி வழியாகவோ ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பழைய எக்ஸ்ரே படமும் குளிர்கண்ணாடியும் பாதுகாப்பு அல்ல. விழித்திரை கருகும்போது வலி தெரியாது என்பதால் ஆபத்து இருமடங்காகிறது. பிம்பத்தைத் தாளில் வீழ்த்தியே பார்க்க வேண்டும். இருகண் நோக்கியானால் ஒரு குழாயை மூடிவிடுங்கள். குழந்தைகள் உடனிருந்தால் கருவியை விட்டு நகராதீர்கள்.

கருவியை அசைக்காமல் வைத்து, ஒரு புள்ளி தாளில் நகரும் பாதையைக் கோடாக இழுங்கள். அதுவே அன்றைய கிழக்கு மேற்குத் திசை. சூன் தொடக்கத்திலும் திசம்பர் தொடக்கத்திலும் புள்ளிகள் சூரிய வட்டத்தின் குறுக்கே நேர்கோட்டில் செல்வதால் கணக்கு எளிது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரிய அச்சின் 7.25 பாகைச் சாய்வால் அவற்றின் பாதை வளைந்து தெரியும். பெங்களூரின் சூன் வானம் மேகமூட்டமானது. எனவே திசம்பரே நல்ல தொடக்கம். விடுபட்ட நாளுக்கு ஊகமாகப் புள்ளி வைக்காமல், ‘மேகம்’ என்று மட்டும் எழுதுங்கள். கோடைக்கானல் ஏட்டிலும் மேக நாள்கள் வெற்றிடமாகவே உள்ளன.

தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் பணம் செலுத்துபவர், முதிர்வு நாளில் தாமே அதைப் பெறுகிறார். 1904இல் முதல் தட்டைப் பொருத்தியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 14.381 என்ற எண் வெளிவரும் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கணக்கிடக் கணினி என்றொரு கருவி வரும் என்றும் தெரியாது. அன்றைய தட்டைப் பழுதில்லாமல் எடுத்து, தேதியைச் சரியாக எழுதி வைத்தார். மறுநாளும் வானம் தெளிந்திருந்தது, மீண்டும் எடுத்தார்.

பிரேசர் டவுன் மாடியில் இன்று குறித்த புள்ளி இரண்டு வாரத்திற்குள் விளிம்பைக் கடந்து மறைந்துவிடும். அழியாமல் பிழைத்திருந்தால் முதல் நாளிலிருந்து 27ஆம் நாள் வாக்கில் அதே இடத்திற்கு வந்து நிற்கும். அந்த நாளை நாட்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.